பாட்டில் விட்டுப்போன பெரியப்பா

சொந்த ஊர்ப் பக்கம் முதல் தடவையாக மேடையேறிப் பாடப்போகிறேன் என்று பெங்களூரிலிருந்து போன் செய்து சொன்னபோது, என்ன பாட்டு, எந்த இடம் என்று அம்மா எதுவும் கேட்கவில்லை.

"ஆரார கூப்புடோணும்?" என்றாள்.

"யாரையும் கூப்பிட வேண்டாம்மா. டிக்கெட் வாங்கினவங்க வருவாங்க. நம்ம ஆளுகளுக்கு வேணும்னா வாட்சப்ல லிங்க் அனுப்பிக்கலாம்."

"லிங்க் அனுப்புனா ஆரு கண்ணு வருவா? ஊட்டுக்குப் போயி, உக்காந்து, ஒரு வாய் காப்பி குடிச்சு, வந்துருங்கன்னு வாயால சொன்னாத்தான் வருவாங்க. நாலு நாளு லீவு போட்டுட்டு வா."

அம்மாவின் பெயர் நாச்சியம்மாள். அவள் முடிவெடுத்துவிட்டால் அதற்குமேல் பேச்சு கிடையாது. லீவு போட்டேன்.

பகலில் நான் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் அடுத்தவர்கள் செய்த தப்பைக் கண்டுபிடிக்கிற வேலை பார்க்கிறேன். சனி, ஞாயிறு மாலைகளில் கிடாரை மாட்டிக்கொண்டு, கழுத்துக் கம்பியில் மவுத் ஆர்கனைச் செருகிக்கொண்டு, நானே எழுதிய பாட்டுகளைக் காபிக் கடைகளில் பாடுகிறேன். அமெரிக்கக் கிராமத்துப் பாடகர்கள் ஊர்க்கதையைப் பாட்டாகச் சொல்வார்கள் இல்லையா, அந்த மாதிரி. மெட்டு அந்தப் பக்கத்துச் சாயல். பேச்சு எங்கள் தோட்டத்துப் பேச்சு. பாடும்போது என் குரல் நடுங்கும். கேட்பவர்கள் அதை உருக்கம் என்று நினைக்கிறார்கள். அது வெறும் பயம்.

என் பாட்டுகளில் ஒன்றே ஒன்றுதான் ஓடியது. அதுதான் பிரச்சினை.

எங்கள் தோட்டத்துக்கும் பெரியப்பா தோட்டத்துக்கும் நடுவில் ஒரு பொதுக் கிணறு இருக்கிறது. இன்ன கிழமை இன்னார் மோட்டார் போட வேண்டும் என்று முறை உண்டு. செவ்வாய்க்கிழமை அப்பாவின் முறை. அந்தச் செவ்வாயில்தான் பெரியப்பா வால்வைத் திருப்பித் தண்ணீரைத் தன் தென்னைகளுக்கு விட்டுக்கொண்டார். அதை அப்படியே பாட்டாக எழுதினேன்.

செவ்வாக்கெழமைத் தண்ணி எங்கொப்பன் தண்ணி
தம்பிதொரைப் பெரியப்பன் திருப்பிக்கிட்ட தண்ணி
ஏனுங்கன்னு கேட்டா என்ன சொன்னாரு?
வால்வுக்குக் கெழமை தெரியாதுன்னு சொன்னாரு!

பெங்களூரில் இதைப் பாடியபோது ஒரு பெண் அழுதாள். காவிரிப் பிரச்சினையைப் பற்றிய உருவகம் என்று நினைத்துக்கொண்டாளாம். நான் மறுக்கவில்லை. யாரோ வீடியோ எடுத்துப் போட, கோயமுத்தூர்க் கல்லூரிப் பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அதைக் கேட்டுவிட்டுத்தான் பீளமேட்டில் பழைய மில் குடோனைக் காபிக் கடையாக மாற்றி வைத்திருக்கும் ரித்விக் என்னைக் கூப்பிட்டான். "ப்ரோ, உங்க ஊர்ப் பாட்ட உங்க ஊர்ல பாடோணும் ப்ரோ" என்றான்.

தம்பிதுரைப் பெரியப்பா பட்டன் போன்தான் வைத்திருக்கிறார். அதனால் அவர் காதுக்கு இது போயிருக்காது என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

ஊருக்கு வந்த அன்று மாலையே அம்மா வெற்றிலை பாக்கு, பழம், குங்குமச்சிமிழ் வைத்த தட்டோடு தயாராக நின்றாள்.

"மொதல்ல எங்கம்மா?"

"பங்காளி ஊட்டுக்குத்தான். உங்க பெரியப்பன் ஊட்டுக்கு."

வண்டிச் சாவி கையிலிருந்து விழுந்தது. "அவரு நம்மகிட்டப் பேசியே பல வருஷம் ஆச்சேம்மா!"

"பேசாட்டி என்ன? கூப்புடாம உட்டா தப்பு நம்ம பேருல. கூப்புட்டு வராமப் போனா தப்பு அவிய பேருல. வர மாட்டாங்க கண்ணு. நீ வண்டிய எடு."

அப்பா பாலுசாமி வாசலில் தேங்காய் மட்டைகளை ஒதுங்க வைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்க்காமல் மட்டையிடம் சொன்னார்: "கூப்புடறவிய கூப்புடட்டும். நான் எதும் சொல்றதுக்கில்ல."

சண்டை கிணற்றில் தொடங்கியது என்றுதான் வெளியே சொல்வார்கள். வீட்டுக்குள் எல்லோருக்கும் வேறு கதை தெரியும். நாங்கள் புது வீடு குடி போனபோது அடித்த பத்திரிகையில் பெரியப்பா பெயர் விட்டுப்போய்விட்டது. அச்சகத்துக்காரனின் கவனக்குறைவு. அப்பா மறுபடி அடித்திருக்கலாம். அதைச் செய்யாமல், அத்தனை பத்திரிகையிலும் பேனாவால் 'தம்பிதுரை' என்று ஓரத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார். பெரியப்பா அந்தப் பத்திரிகையைக் கையில் வாங்கி, "எல்லாரும் அச்சுல, நான் மட்டும் பேனாவுலயா?" என்று கேட்டார். அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை வால்வு திரும்பியது.

அண்ணன் தம்பி பேசாமல் இருப்பதில் அவர்கள் இரண்டு பேருக்கும் பெரிய கஷ்டம் ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை. கஷ்டம் என் தங்கை மோகனப்பிரியாவுக்குத்தான். பெரியப்பா மகள் நந்திதாவும் அவளும் ஒரே வாசலில் வளர்ந்தவர்கள். பிரியாவுக்குத் தை மாதம் கல்யாணம். "மால மாத்தறப்ப என்ற பக்கத்துல நந்து நிக்கோணும்ணா. அவ வராட்டி அது கண்ணாலமே இல்ல" என்று என்னிடம் போனில் அழுதிருந்தாள். பெரியப்பா அனுப்பமாட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

பெரியப்பா வீட்டில் எங்களை வரவேற்றதில் ஒரு குறையும் இல்லை. எங்கள் ஊரில் சண்டை வேறு, மரியாதை வேறு.

"வா அம்மணி. வா கண்ணு. உக்காருங்க. ஏ நந்து, காப்பி வை! ஊட்ல எல்லாரும் சௌக்கியங்களா?"

'எல்லாரும்' என்பதில் அப்பா சேர்த்தியா என்று தெரியவில்லை. அம்மா தட்டை நீட்டினாள்.

"ஏனுங்க மாமா, நம்ம சபரீசு வர்ற ஞாயித்துக்கெழமை பொழுதோட பீளமேட்டுல பாட்டுப் பாடறானுங்க. நீங்க குடும்பத்தோட வந்துரோணுங்க."

பெரியப்பா தட்டைத் தொட்டு வாங்கிக்கொண்டார். என் பக்கம் திரும்பினார். "என்ன பாட்டு கண்ணு?"

"சும்மா... பொதுவான பாட்டுங்க பெரியப்பா."

"பொதுவாவா?"

"ஆமாங்க. மலை, மழை, இந்த மாதிரி."

"மனுசங்களப் பத்தி ஒண்ணும் வராதா?"

"வராதுங்க" என்றேன்.

"ஓ" என்றார். முகம் ஒரு மாதிரி ஆனது. நிம்மதியாகிவிட்டார் என்று நினைத்தேன்.

அடுக்களைக் கதவோரம் நந்திதா நின்றிருந்தாள். காப்பியைக் கொடுத்துவிட்டு வெறும் தட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கிடார் வாசிப்பது போல் கையை ஆட்டினாள். பிறகு அவள் அப்பாவைக் காட்டினாள். பிறகு கண்ணை அகல விரித்து, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். 'தெரிந்தால் உன்னைக் கொன்றுவிடுவார்' என்பதற்கு இதைவிடத் தெளிவாக ஒருவர் நடித்துக்காட்ட முடியாது. நானும் தலையாட்டிவிட்டு, காப்பியை ஒரே மடக்கில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன்.

வண்டியில் வரும்போது அம்மா சொன்னாள்: "பாத்தியா, மொகமே சரியில்ல. வர மாட்டாரு."

ஞாயிற்றுக்கிழமை அவர்தான் முதலில் வந்தார்.

ரித்விக்கின் காபிக் கடை மாடியில் ஒரு சின்ன அரங்கு. நீள நீளமாக மர பெஞ்சுகள். சுவரில் பெரிய பலகை: 'பாட்டு நடக்கும்போது பேச வேண்டாம். பேச விரும்புபவர்கள் கீழே போய்ப் பேசவும்.' ரித்விக்குக்கு அது வெறும் பலகை இல்லை, வாழ்க்கை இலட்சியம். ஊசி விழுந்தால் கேட்கிற கூட்டம் ஒன்றை ஒரு நாளாவது இந்தக் கோயமுத்தூரில் பார்த்துவிட வேண்டும் என்று ஏங்கிக்கொண்டிருந்தான்.

அந்தப் பலகைக்குக் கீழே என் சொந்தங்கள் ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். அம்மா கூப்பிட்ட யாரும் விட்டுப்போகவில்லை. பட்டுச்சேலை, மல்லிகைப்பூ, தூக்குவாளி. டிக்கெட் வாங்கி வந்த கல்லூரிப் பிள்ளைகளுக்கு அம்மா படியோரம் நின்று சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர்கள் இதுவும் நிகழ்ச்சியில் சேர்த்தி என்று நினைத்து நெற்றியில் வைத்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார்கள்.

"ப்ரோ, வெளிச் சாப்பாடு உள்ள அலவுட் இல்ல ப்ரோ" என்று ரித்விக் என் காதில் கதறினான். அவன் கையில் ஏற்கெனவே பாதி கடித்த ஒப்பிட்டுப் போளி ஒன்று இருந்தது.

இவர்களுக்கெல்லாம் முன்பே பெரியப்பா வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் வந்துவிட்டிருந்தார். பின்னால் டிரைவர் ஒரு இளநீர்க் குலையைச் சுமந்துகொண்டு வந்து மேடையில், என் மைக்குக்குப் பக்கத்தில் இறக்கிவைத்தார். விசேஷத்துக்கு வெறும் கையோடு வருகிற ஆள் இல்லை பெரியப்பா. கூடவே பொள்ளாச்சிக் கொப்பரை வியாபாரி யாகூப் பாய், பெரியப்பாவின் சிநேகிதர், இன்னும் நாலைந்து சந்தைக்காரர்களோடு வந்தார். எல்லோரும் முதல் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஓரத்தில் நந்திதா. அப்பா கடைசி பெஞ்சுக்குப் போய், ஒரு தூணுக்குப் பின்னால் பாதி மறைந்து உட்கார்ந்தார்.

மேடைக்குப் பின்னால் சரக்கு அறையில் பிரியா என்னைச் சட்டைக் காலரோடு பிடித்தாள்.

"அண்ணா, சண்டைக்கப்பறம் நந்துவ மொத தடவையா நம்ம விசேஷத்துக்குக் கூட்டிட்டு வந்துருக்காரு. இன்னிக்கு ஒழுங்காப் போச்சுன்னா கண்ணாலத்துக்கும் அனுப்பிப்போடுவாரு. அந்தக் கெணத்துப் பாட்ட மட்டும் பாடிப்போட்டே, நீ எனக்கு அண்ணனே இல்ல."

"பாடலைடி."

பிரியா போனதும் ரித்விக் வந்தான். "ப்ரோ, கிணத்துப் பாட்ட கடைசில வெச்சிருங்க. எல்லாரும் அதுக்குத்தான் வந்துருக்காங்க. அது இல்லேன்னா பசங்க என்னை உரிச்சுருவாங்க."

"பாடறேன் ப்ரோ."

இரண்டு பேருக்கும் வாக்குக் கொடுத்துவிட்டு, காபிக்கொட்டை மூட்டைமேல் உட்கார்ந்து மூச்சு வாங்கினேன். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. பாட்டைப் பாடுவேன். பெரியப்பாவை எடுத்துவிடுவேன். அவர் பெயர் இருந்தால்தானே வம்பு? 'தம்பிதொரைப் பெரியப்பன்' இருக்கிற இடத்தில் 'ஆரோ ஒரு ஆளு'. தாளம் கொஞ்சம் இடிக்கும், சமாளித்துக்கொள்ளலாம். என் வாழ்க்கையில் இவ்வளவு புத்திசாலித்தனமான முடிவை நான் எடுத்ததே இல்லை என்று தோன்றியது.

மேடையேறினேன். முதலில் பெருந்துறைப் பாட்டு. சிப்காட்டில் ராத்திரி ஷிப்ட் முடித்தவன் பஸ்ஸில் தூங்கிப்போய், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கிற பாட்டு. பெங்களூரில் அது தனிமையைப் பற்றிய பாட்டு. இங்கே பாதிப் பாட்டில் ஒரு அத்தை எழுந்து நின்றாள்.

"ஏஞ்சாமி, கண்டக்டரு எழுப்பியுட மாட்டானா?"

"பாட்டுங்க அத்தை."

"பாட்டுன்னாலும் டிக்கெட்டு வாங்கிருப்பான்ல?"

ரித்விக் பலகையைக் காட்டினான். அத்தை பலகையைப் படித்துவிட்டு, "அட, பேசப்படாதாமா" என்று பக்கத்திலிருந்தவளிடம் சத்தமாகச் சொன்னாள். அவள் அதை அடுத்தவளிடம் சொன்னாள். செய்தி கடைசி பெஞ்சு வரை போய்ச் சேர்வதற்குள் பாட்டு முடிந்துவிட்டது.

இப்படியே நாலைந்து பாட்டு போனது. பெரியப்பா எதற்கும் அசையவில்லை. ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் யாகூப் பாய் அவர் பக்கம் குனிந்து ஏதோ கேட்பார். பெரியப்பா கையைக் காட்டி, 'பொறுங்க, வரும்' என்பது போல் ஏதோ சொல்வார். நான் அதைக் கவனித்தேன். எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

கடைசிப் பாட்டு வந்தது. மவுத் ஆர்கனில் முதல் இழுப்பு இழுத்ததுமே கல்லூரிப் பிள்ளைகள் கூவினார்கள். பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். துண்டைச் சரிசெய்தார். யாகூப் பாயின் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"செவ்வாக்கெழமைத் தண்ணி எங்கொப்பன் தண்ணி..."

பிள்ளைகள் கூடவே பாடினார்கள். பிரியா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"ஆரோ ஒரு ஆளு திருப்பிக்கிட்ட தண்ணி..."

அந்த வரியில் எல்லாம் கலைந்தது. பிள்ளைகள் 'தம்பிதொரை' என்று வாயெடுத்து, நான் வேறு எதையோ பாடுவது கேட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். நான் நிறுத்தவில்லை. ஆரோ ஒரு ஆளை வைத்தே முழுப் பாட்டையும் ஓட்டி முடித்தேன். கைதட்டல் வந்தது, ஆனால் 'சாப்பாடு பரவாயில்லை' என்று சொல்வது போன்ற கைதட்டல். நான் பிரியாவைப் பார்த்து வெற்றிச் சிரிப்புச் சிரித்தேன்.

பெரியப்பா எழுந்தார். "நந்து, ஏந்திரி அம்மணி. போலாம்."

பிரியாவின் முகம் வெளுத்தது. "பெரீப்பா, ஏனுங்க? என்னாச்சுங்க?"

"ஒண்ணும் ஆகுல கண்ணு. போச்சாது."

எங்கள் ஊரில் 'போச்சாது' என்று ஒருவர் சொன்னால், பரவாயில்லை என்று அர்த்தம். அதைச் சொல்லிக்கொண்டே கதவைப் பார்த்து நடந்தால், நிலைமை மோசம் என்று அர்த்தம்.

யாகூப் பாய்க்குத்தான் பொறுக்கவில்லை. அவர் மேடைப் பக்கம் வந்தார். "தம்பி, என்ன தம்பி இப்படிப் பண்ணிட்டீங்க? இவரு ஒரு மாசமா சந்தைல ஒருத்தர் பாக்கியில்லாமச் சொல்லிட்டுத் திரியறாரு, 'என்ற பேருல பாட்டு வந்துருக்குது, என்ற தம்பி மவன் பாடியிருக்கான்'னு. எம்போன்லதான் தெனமும் கேப்பாரு. கேட்டுட்டுத்தான் எளநி வெட்டவே போவாரு. இன்னிக்கு நேர்ல பேரு சொல்லிப் பாடுவாங்கன்னு எங்களையெல்லாம் வண்டி வெச்சுக் கூட்டியாந்தாரு. ஆரோ ஒரு ஆளுன்னா, யாரு தம்பி அந்த ஆளு?"

நான் நந்திதாவைப் பார்த்தேன். அவள் மறுபடியும் அதே கிடார் நடிப்பை நடித்து, அவள் அப்பாவைக் காட்டி, கண்ணை விரித்துத் தலையை ஆட்டினாள். இப்போதுதான் புரிந்தது. 'அப்பாவுக்கு அந்தப் பாட்டு என்றால் உயிர்' என்பதை அன்றைக்கே சொல்லியிருக்கிறாள் பாவம்.

"பெரியப்பா, உங்களைத் திட்டின பாட்டாச்சேன்னுதானுங்க..." என் குரல் மைக்கில் நடுங்கிக்கொண்டு போய்ச் சுவரில் முட்டியது.

பெரியப்பா கதவருகே நின்று திரும்பினார். "திட்டினா என்ன கண்ணு? வேண்டப்பட்டவனத்தானே திட்டுவாங்க? திட்டறதுலயாவது பேரு இருந்துச்சு. அன்னிக்கு உங்கொப்பன் என்னைப் பேனாவுல எழுதுனான். இன்னிக்கு நீ அழிச்சே போட்டே."

நான் என்ன செய்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு முழுதாகத் தெரிந்தது. அச்சகத்துக்காரன் கவனக்குறைவாகச் செய்ததை நான் யோசித்து, திட்டம் போட்டு, தாளம் இடிக்க இடிக்கச் செய்திருக்கிறேன்.

"மறுக்காப் பாடறனுங்க பெரியப்பா. பேரோட பாடறேன். உக்காருங்க."

"நின்னுட்டே கேக்கறேன். நீ பாடு."

பாடினேன். 'தம்பிதொரைப் பெரியப்பன்' என்று வந்ததும் பிள்ளைகள் கூரை எழும்பக் கத்தினார்கள். பெரியப்பா யாகூப் பாயைப் பார்த்தார். யாகூப் பாய் மற்ற சந்தைக்காரர்களைப் பார்த்தார். எல்லோரும் தலையாட்டினார்கள். நந்திதா பெஞ்சில் திரும்ப உட்கார்ந்தாள். அத்தோடு விட்டிருந்தால் சுபமாக முடிந்திருக்கும். ஆனால் பெரியப்பா கையைத் தூக்கினார்.

"எல்லாம் சரிதான் கண்ணு. ஒண்ணு மட்டும் தப்பா வருது. செவ்வாக்கெழமை என்ற மொறை. உங்கொப்பனுக்குப் பொதன்."

தூணுக்குப் பின்னாலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "சபரீசு, செவ்வா நம்ம மொறைன்னு அவருகிட்டச் சொல்லு."

இரண்டு பேருக்கும் காது நன்றாகக் கேட்கும். ஆனாலும் நான் மைக்கில் சொன்னேன்: "செவ்வா எங்க மொறைங்களாமா பெரியப்பா."

"எங்கய்யன் இருக்கறப்பவே செவ்வா எனக்குன்னு சொல்லிப்போட்டாருன்னு உங்கொப்பங்கிட்டச் சொல்லு."

"தாத்தா அப்பவே—"

"கேட்டுது" என்று அப்பா தூணை விட்டு வெளியே வந்தார். "அய்யன் சொன்னது அமாவாச கழிஞ்ச செவ்வா மட்டும்னு சொல்லு."

"எல்லாச் செவ்வாயும்னு சொல்லு!"

"அய்யன் சொல்றப்ப இவரு அங்கயே இல்ல, சந்தைக்குப் போயிருந்தாருன்னு சொல்லு!"

நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பிச் சொன்னேன். பாட்டில் இல்லாத வேகம் இதில் இருந்தது. இரண்டு பேரும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு பெஞ்சு முன்னால் வந்துகொண்டே இருந்தார்கள். ஒரு கட்டத்தில் நான் மொழிபெயர்க்கத் தாமதமாகி, பெரியப்பாவால் காத்திருக்க முடியவில்லை.

"டேய் பாலு! நான் சந்தைக்குப் போனது அதுக்கு மொத நாளுடா!"

அப்பா நடந்துவந்த இடத்திலேயே நின்றுவிட்டார். அண்ணன் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது.

"இல்லீங்கண்ணா" என்றார், குரலைத் தாழ்த்தி. "நல்லா ரோசனை பண்ணிப் பாருங்க. அன்னிக்கு நம்ம செவலக் காளைய ஓட்டிட்டுப் போனீங்க."

"செவல இல்லடா. மயிலை."

"செவலங்கண்ணா."

"மயிலைடா. கொம்பு ஒண்ணு மடங்கியிருக்கும்."

"...ஆமாங்கண்ணா. மயிலைதான்."

அரங்கில் ஒருவரும் மூச்சு விடவில்லை. தூக்குவாளி மூடி சத்தம் இல்லை, போன் இல்லை, அத்தைகூட வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் முன்னால் குனிந்து, காளை சிவப்புச் செவலையா, சாம்பல் நிற மயிலையா என்று வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். ரித்விக் எழுந்து சண்டையை நிறுத்த வந்தவன், பாதி வழியில் சுற்றிலும் பார்த்தான். அவன் வாழ்நாள் முழுக்கக் கனவு கண்ட கூட்டம் அவன் கண்முன்னால் இருந்தது. அப்படியே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

அந்த அமைதியில் நந்திதாதான் பேசினாள். "அப்பா, பிரியா கண்ணாலத்துக்கு நான் போலாமுங்களா?"

பெரியப்பா அவளைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தார். "பத்திரிக்கை அடிச்சாச்சுங்களா அம்மணி?"

"இல்லீங்க மாமா. நாளைக்குத்தான் குடுக்கோணும்" என்றாள் அம்மா. எழுந்தே நின்றுவிட்டாள்.

பெரியப்பா அப்பாவைப் பார்த்தார். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"உங்க பேரு மொதல்ல வருமுங்கண்ணா."

"எதுல?"

"அச்சுலதானுங்க. பேனாவத் தொடமாட்டேன்."

"எழுத்து?"

"பெரிய எழுத்துங்கண்ணா."

பெரியப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தாரா, கூட்டம் பார்க்கிறதே என்று நீட்டினாரா என்று தெரியாது. பிறகு நந்திதாவிடம் சொன்னார்: "கண்ணாலத்தன்னிக்குப் போயி என்ன அம்மணி பண்றது? ரெண்டு நாளு முன்னாலயே போ. அவளுக்குத் தோதா ஆரு இருக்கா?"

பிரியா பெஞ்சுகளைத் தாண்டிக் குதித்து நந்திதாவைக் கட்டிக்கொண்டாள். பிள்ளைகள் எழுந்து நின்று கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலில் எனக்குப் பங்கு இல்லை என்பது தெரிந்தும், மேடையில் நின்றதால் குனிந்து வணக்கம் வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை யாருடையது என்பது மட்டும் முடியவில்லை. இளநீரைச் சீவிக் குடித்துக்கொண்டே அண்ணனும் தம்பியும் அதைப் பேசிக்கொண்டு படியிறங்கிப் போனார்கள். ரித்விக் என் கையைப் பிடித்துக்கொண்டான். "ப்ரோ, அடுத்த மாசம் ஒண்ணு பண்ணலாமா? உங்க அப்பா, பெரியப்பா மட்டும் வந்தாப் போதும் ப்ரோ."

மறுநாளிலிருந்து எனக்கு வேறு தொல்லை பிடித்தது. பாட்டில் பெயர் வந்தால் சந்தையே தெரிந்துகொள்ளும் என்பது சொந்தத்துக்குள் பரவிவிட்டது. பஸ் பாட்டில் கேள்வி கேட்ட அத்தை, அந்தப் பஸ்ஸில் தான் ஏறியதாகவும், தூங்கினவனை எழுப்பியதாகவும் ஒரு வரி சேர்க்கச் சொல்லி ஆள் அனுப்பினாள். யாகூப் பாய் தனக்குப் பெயரெல்லாம் வேண்டாம், கொப்பரை என்று ஒரு சொல் வந்தால் போதும் என்றார். பெரியப்பா யாகூப் பாய் போனிலிருந்து கூப்பிட்டு, கல்யாணத்தில் கிணற்றுப் பாட்டைப் பாடியே ஆக வேண்டும், மயிலைக் காளையையும் அதில் விட்டுவிடக் கூடாது என்றார். இவர்கள் கேட்டதையெல்லாம் கடைசியில் சேர்த்து, பெங்களூரில் போன வாரம் அந்தப் பாட்டைப் பாடியபோது முன்பு அழுத அதே பெண் வந்திருந்தாள். கடைசியில் வருகிற பெயர்களெல்லாம் கிளை நதிகளா என்று கேட்டாள். அதையும் நான் மறுக்கவில்லை.

நேற்று அப்பா கூப்பிட்டார். அப்பா போனில் பேசுகிற ஆள் இல்லை. மழை பெய்ததா என்று கேட்டார். இங்கே பெய்யவில்லை என்றேன். அங்கேயும் இல்லை என்றார். பின்னால் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. நேற்று செவ்வாய்க்கிழமை. யார் முறை என்று நான் கேட்கவில்லை.

"கண்ணு."

"சொல்லுங்கப்பா."

"பிரியா போன்ல அந்தப் பாட்ட மறுக்காக் கேட்டேன். உங்க பெரியப்பன் பேரு வருது. காளை வருது. கொப்பரைகூட வருது."

"ஆமாங்கப்பா."

"என்னைய மட்டும் எங்கொப்பன், எங்கொப்பன்னே பாடறே. பேரு எங்கியுமே வர்லியே?"

நான் கிடாரின் கழுத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"எடமிருந்தாப் பாரு கண்ணு" என்றார் அப்பா. "இல்லாட்டிப் போச்சாது."